ஓடைத் தெருவில் கேட்டது

ஆலத்தேரியில் தண்ணீர் வராது என்றாலும் பூவராகன்தான் வந்து சொல்ல வேண்டும். தண்ணீர் வரப்போகிறது என்றாலும் அவர்தான் சொல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத் தொலைவில் இருந்த ஊர். பேரூராட்சியாக இருந்து நகராட்சியாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வாசல் பலகை மாறியது, ரப்பர் முத்திரை மாறியது. தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் ஆட்டோ மட்டும் மாறவில்லை. அதற்குள் மைக்கைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பூவராகனும் மாறவில்லை.

சொத்து வரிக்குக் கடைசித் தேதி, போலியோ சொட்டு மருந்து, கொசுப்புகை, மெயின் பைப் உடைப்பு எல்லாம் பதினெட்டு வருஷமாக அந்த ஒரு குரலில்தான் ஊருக்குத் தெரிந்தன. ஆட்டோ சத்தம் கேட்டால் பெண்கள் ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். லாரித் தண்ணீர் வரும் என்று கவுன்சிலரே வந்து சத்தியம் செய்தாலும், "பூவராகன் சொல்லிட்டாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் அவர் மனைவி ரேணுகாம்பாள் தினமும் காலையில் வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் கொப்பளிக்கக் கொடுப்பாள். பனங்கற்கண்டும் சித்தரத்தையும் ஒரு சின்ன டப்பாவில் அவர் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும். குரலைப் பெருமாள் கொடுத்தது என்று அவர் நம்பினார். மாதம் ஒரு சனிக்கிழமை திருநீர்மலைக்குப் போய்ப் படியேறி, அதற்காக மட்டும் ஒரு கும்பிடு தனியாகப் போட்டுவிட்டு வருவார்.

வேலையில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நாள் முழுக்கச் சொல்ல வேண்டிய அறிவிப்பு என்றால் கேசட்டில் பதிவு செய்துவிடுவார். ஒரே அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் பேசி அரை மணி நேரத்துக்கு ஒரு பக்கம் முழுவதும் நிரப்பிக் கொடுத்தால், டிரைவர் ஜெரோம் தனியாகவே ஊரைச் சுற்றிவிட்டு வருவான். மறுபடி அதே கேசட்டில் வேறு அறிவிப்பைப் பதிவு செய்வதற்கு முன்னால், மைக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் வெறுமனே ஓடவிட்டுப் பழையதைச் சுத்தமாக அழிப்பார். "பழச அழிக்காம புதுசு எழுதக் கூடாதுடா ஜெரோம். சிலேட்டுக்கும் அதான், இதுக்கும் அதான்" என்பார்.

"ஆமா, நீ வாத்தியாரா போயிருக்கணும்ணா. தப்பி மைக்குக்கு வந்துட்ட" என்பான் ஜெரோம்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் ஊர் சந்தோஷப்பட்டது. கோடையில் குடத்துக்கு அடித்துக்கொண்ட ஊர் அல்லவா? மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நான்காம் நாள் பெரிய ஏரி நிரம்பிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. ஐந்தாம் நாள் விடியும்போது, ஏரி உடைந்துவிட்டது என்று யாரோ கிளப்பிவிட்டு, கலங்கல் சாலையில் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட, ஒரு கர்ப்பிணிப் பெண் சாக்கடையில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். ஏரி அப்போது உடையவில்லை. நகராட்சி மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். பூவராகன் அதை நன்றாக, நிதானமாக, தைரியம் வரும்படியான குரலில் ஒரு பக்கம் முழுக்கப் பதிவு செய்தார்.

"ஆலத்தேரி நகராட்சிப் பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு. நமது பெரிய ஏரி பலமாகவும் பாதுகாப்பாகவும் உள்ளது. வதந்திகளை நம்பி யாரும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டாம். அவரவர் வீடுகளிலேயே இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

காலையில் எழுதியது மதியம் இரண்டரை மணிக்குப் பொய்யாகிவிட்டது. மேலே இருக்கும் ஏரிகளிலிருந்து வந்த தண்ணீர் ஏரி வழியும் கலங்கலில் ஆள் உயரத்துக்குப் பாய்ந்தது. தாழ்வான தெருக்களைக் காலி செய்யச் சொல்லிப் பொதுப்பணித் துறையிலிருந்து போன் வந்தது. ஸ்ரீநிவாசராகவன் நனைந்த பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பூவராகன், இமீடியட்டா போகணும். ஓடைத் தெரு, அல்லித் தெரு, கலங்கல் சாலை. எல்லாரும் ஸ்கூலுக்கு வந்துடச் சொல்லுங்க."

பூவராகன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஐந்து நாள் மழையில் கத்தியதில் தொண்டை முடிந்துபோயிருந்தது. காய்ச்சல் வேறு. நேரில் போய் ஒரு மணி நேரம் பேச அவரால் ஆகாது. கையில் இருந்தது அந்த ஒரு கேசட்தான். மற்றவை ஈரம் பட்டுச் சுருண்டிருந்தன. பழையதை அழிக்க அரை மணி வேண்டும். அரை மணிக்கு எங்கே போவது? வெந்நீரை ஒரு மடக்கு விழுங்கிவிட்டு, மிச்சமிருந்த குரலை எல்லாம் திரட்டி, மூன்று தடவை பேசினார். நான்காவது தடவை வரவில்லை.

"மூணு தடவ இருக்குது. முடிஞ்சதும் ரிவைண்ட் பண்ணிக்கோ. மறக்காத" என்று ஜெரோமின் காதருகே போய்ச் சொன்னார்.

"நான் பாத்துக்கிறேன்ணா. நீ போய்ப் படு" என்று ரெக்சின் திரையை இறக்கிவிட்டுக்கொண்டு ஜெரோம் போனான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஏரிக்கரை மேற்குப் பக்கம் இருபதடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டது.

மூன்று தெருவிலும் சேர்த்து முந்நூறு வீடுகள் இருக்கும். ஏறக்குறைய எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். கோவளம் பக்கத்து மீனவர்கள் லாரியில் படகைக் கொண்டுவந்து இறக்கி மிச்சம் மீதியைத் தேடியபோது, ஓடைத் தெருவின் கடைசி வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மெட்டில்டாவைக் கண்டுபிடித்தார்கள். அவளுக்குக் கழுத்துவரை தண்ணீர். இன்னொரு கையால் தன் புருஷன் அந்தோணிசாமியின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். பக்கவாதத்தில் நான்கு வருஷமாகக் கட்டிலோடு கிடந்த மனிதர். உயிர் போய் வெகுநேரம் ஆகியும் அவள் காலரை விடவில்லை. படகுக்காரர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அவளை ஏற்ற வேண்டியிருந்ததாம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாளும் தெருவில் தண்ணீர் வடியவில்லை. மெட்டில்டா பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள், ஆறாம் வகுப்பு பி பிரிவில், கரும்பலகைக்குக் கீழே. பூவராகன் குரல் வராவிட்டாலும் கை வரும் என்று சாம்பார் சாத வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். வகுப்பறை முழுவதும் ஈரத்துணி நாற்றமும் பினாயில் நாற்றமும்.

மெட்டில்டா பொழிச்சலூரில் கட்டிக்கொடுத்த மகள் பியூலா வந்திருந்தாள். அழுது அழுது வீங்கிய முகம். அவள் கையில் வீடு வீடாக இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகை.

"பாரு, பேப்பர்லயே போட்டுட்டாங்க. 'நகராட்சியின் எச்சரிக்கையை மீறி வீட்டில் இருந்த முதியவர் பலி'. எங்கப்பா மீறினாராம்! எழுந்து ஒண்ணுக்குப் போக முடியாதவரு எச்சரிக்கைய மீறினாராம். மீறினது யாரும்மா? சொல்லு."

மெட்டில்டா தட்டில் இருந்த சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்லயே இருக்கச் சொன்னாங்கடி. என் காதால கேட்டேன்."

"மறுபடியும் அதையே சொல்லாத! தெருவே கேட்டுது. தெருவே கிளம்பி வந்துச்சு. உனக்கு மட்டும் வேற ஆட்டோ வந்துச்சா?"

எதிர்வீட்டு ஞானாம்பாள் தன் பேரப்பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே குறுக்கிட்டாள். "நான் போவசொல்ல கதவத் தட்டி, 'மெட்டில்டாக்கா, கிளம்பு, தண்ணி வருதாம்'னு கூவினேன் பியூலா. 'அவர இட்டுகினு வர்றேன், நீ போ'ன்னுச்சு. நான் இன்னா பண்ணுவேன்? எங்கையில ரெண்டு புள்ளைங்கோ."

"அந்த மழைச் சத்தத்துல ஷீட்டுக் கூரைக்குள்ள இருந்துகினு இன்னாத்த கேட்டுச்சோ" என்றான் பக்கத்திலிருந்த ஒருவன். யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

அப்போதுதான் மெட்டில்டா நிமிர்ந்து வாளியோடு நின்ற பூவராகனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "தோ, அவரே நிக்கிறாரு. தம்பி, நீயே சொல்லு. ஏரி பலமா இருக்குது, வீட்லயே இருங்கன்னுதானே சொன்ன? நீ சொன்னதாலதான் தம்பி நான் இருந்தேன். இல்லன்னா ஜமக்காளத்துல போட்டாவது அவர இழுத்துகினு வந்திருக்க மாட்டேனா?"

வகுப்பறையில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். பூவராகனுக்குப் பாவமாக இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள், புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார். குனிந்து, கிடைத்த கொஞ்சக் குரலில், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அது காலையில சொன்னதுக்கா. மதியானம் கிளம்பி வாங்கன்னுதான் சொன்னேன். மூணு தடவ சொன்னேன்."

"கேட்டுக்கோ" என்றாள் பியூலா. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மெட்டில்டா எச்சில் கையோடு தன் இரண்டு காதுகளையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாதம் காது மடலில் ஒட்டியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வெயில் வந்தபிறகு நகராட்சி ஆபீஸ் பின்கட்டில் ஜெரோம் சாமான்களைக் காயப்போட்டான். ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, வயர்கள். பூவராகனுக்குக் குரல் பாதி திரும்பியிருந்தது. பிளீச்சிங் பவுடர் விநியோகம் பற்றி மறுநாள் அறிவிக்க வேண்டும்.

"செட்டு உயிரோட கீதா பாரு" என்றார்.

ஜெரோம் வயரைச் சொருகினான். டேப்புக்குள்ளேயே அந்தக் கேசட் இருந்தது. பட்டனை அழுத்தினான். பூவராகனின் உடைந்த குரல் கரகரவென்று வந்தது. ஓடைத் தெரு, அல்லித் தெரு, கலங்கல் சாலை மக்கள் உடனடியாக நகராட்சிப் பள்ளிக்கு வரவும். ஒரு தடவை. இரண்டு தடவை.

"செட்டு நல்லாகீதுணா" என்று ஜெரோம் பீடியைப் பற்றவைத்தான். நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது தடவையும் முடிந்தது. ஒரு 'டக்'. பிறகு, தொண்டை நன்றாக இருந்தபோது பேசிய பூவராகன், தெளிவாக, கணீரென்று, பாதி வாக்கியத்தில் ஆரம்பித்தார்.

"...பலமாகவும் பாதுகாப்பாகவும் உள்ளது. வதந்திகளை நம்பி யாரும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டாம். அவரவர் வீடுகளிலேயே..."

பூவராகன் பிளீச்சிங் பவுடர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். குரல் நிற்காமல் அதையே மறுபடியும் சொன்னது.

"நிறுத்துடா."

ஜெரோம் நிறுத்தினான்.

"நீ எல்லாத் தெருவுலயும் ரிவைண்ட் பண்ணினியா?"

"பண்ணேன்ணா. மாதா மேல ஆணையா பண்ணேன். ஓடைத் தெருவுல..." ஜெரோமின் வாயிலிருந்து பீடி தானாக விழுந்தது. "ஓடைத் தெருவுல கடைசியில போய்த் திருப்பசொல்ல வண்டி நின்னுடுச்சி. பிளக்குல தண்ணி. பின்னால போய்க் குனிஞ்சி துடைச்சிகினு இருந்தேன். ஜனம் எல்லாம் அதுக்குள்ள கிளம்பிப் போயிடுச்சு. ஒரு பத்து நிமிசம் இருக்கும். டேப்பு பாட்டுக்கு ஓடிகினு இருந்துச்சு."

"உனக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சுணா. உன் குரலுதானே? அது எனக்கு வூட்டு ஃபேன் சத்தம் மாரி. கேட்டுகினேதான் இருக்கும், இன்னா சொல்லுதுன்னு யாரு பாத்தா?"

"கடைசியிலன்னா, யாரு வூட்டாண்ட?"

ஜெரோம் விழுந்த பீடியைக் காலால் தேய்த்தான். வேப்பமரத்துக் காக்கை ஒன்று விடாமல் கத்தியது. அவன் குனிந்து கேசட்டை எடுத்தான்.

"எனக்கும் உனக்கும்தான் தெரியும். டேப்ப உருவி அடுப்புல போட்டுரலாம்ணா. பிளக்குல தண்ணி பூந்தது உன் தப்பா, என் தப்பா? மழ பண்ண தப்பு."

"பழச அழிக்காம எழுதினது மழையில்லடா" என்று சொல்லிப் பூவராகன் கேசட்டை வாங்கிச் சட்டைப்பையில், கற்கண்டு டப்பாவோடு போட்டுக்கொண்டார்.

அன்று பிற்பகல் ஸ்ரீநிவாசராகவன் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்த ஐந்து நாளும் வீட்டுக்கே போகாமல், பால் பவுடரும் மெழுகுவத்தியும் தானே சுமந்தவர். மேஜைமேல் ஒரு தாளைத் திருப்பி வைத்தார்.

"ஒரு சைன் போடுங்க பூவராகன். ஜஸ்ட் ஃபார்மாலிட்டி. தாழ்வான பகுதி எல்லாத்துலயும் ஒலிபெருக்கி மூலமா மும்முறை எச்சரிக்கை செய்யப்பட்டதுன்னு. கலெக்டர் ஆபீஸ்ல கேக்கறாங்க, டெத் ஆயிருக்கு இல்லையா?"

பூவராகன் பேனாவைத் தொடவில்லை. "சார், அந்தக் கேசட்டுல பழைய அறிவிப்பு அழியல. மூணு தடவைக்கு அப்புறம், ஓடைத் தெருவுல வண்டி நின்ன இடத்துல..."

முழுவதையும் சொல்லிமுடிக்கும்வரை ஸ்ரீநிவாசராகவன் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்களை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டார்.

"இதை எங்கிட்ட சொல்லாதீங்க. நீங்க சொல்லலை, நான் கேக்கலை. உங்க பர்மனென்ட் ஃபைல் இப்பதான் மேல போயிருக்கு. பதினெட்டு வருஷம் தினக்கூலியா இருந்துட்டீங்க. இந்த டைம்ல... ப்ளீஸ். நாளைக்கு வந்து சைன் பண்ணுங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போங்க."

வீட்டில் ரேணுகாம்பாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தொண்டைக்குப் பூண்டுப்பால் காய்ச்ச. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாயா, பெர்மனென்ட்டு இல்லன்ட்டாங்களா?" என்றாள். அவர் கேசட்டை எடுத்து அவள் முன்னால் தரையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் கை நின்றது.

"ஐயோ பெருமாளே" என்றாள். உரித்த பூண்டை ஒதுக்கி வைத்தாள்.

"மேனேஜரு ஐயாவே வாணாங்கறாரு இல்ல?" என்று கேட்டாள். "செத்தவரு திரும்பி வரப்போறாரா? நீ போய்ச் சொன்னா தெருவே சேந்து அடிக்கும். வேல போவும். போலீசு வந்தாகூட வரும். யாருக்கு இன்னா லாபம் சொல்லு."

"அவரு வரமாட்டாரு ரேணு. அந்தம்மா உயிரோட கீதே. அது சரியாத்தான் கேட்டிருக்குது. நாந்தான் அத்தினி பேரு எதுர்ல இல்லன்னு சொன்னேன். சாதத்தோட காதத் தொட்டுப் பாத்துகிச்சு. அது என் கண்ணுலயே நிக்குது."

"தெரியாம சொன்னதுதானே?"

"அன்னிக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரியும்."

ரேணுகாம்பாள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். தம்ளரை அவர் கையில் கொடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கடுகடுவென்றுதான் வந்தது.

"எனக்கு பயமா கீது. போன்னு சொல்ல வாய் வரல. ஆனா நீ போவலன்னு வெச்சிக்கோ, நாளைக்கு நீ மைக்குல தண்ணி வருதுன்னு சொன்னா, நானே குடத்த எடுத்துகினு வெளிய வரமாட்டேன். குடிச்சிட்டுப் படு."

மறுநாள் காலையில் பூவராகன் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஜெரோமின் வீட்டு வாசலில் போய் நின்றார். ஜெரோம் ஆட்டோவை எடுத்தான்.

ஓடைத் தெருவில் சேறு முழங்கால் உயரத்துக்கு வாரிக் குவிக்கப்பட்டிருந்தது. எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்ற கோடு. கடைசி வீட்டு வாசலில் ஒரு இரும்புக் கட்டில் கவிழ்ந்து கிடந்தது. மாதா படம் வெயிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மாதாவின் நீல அங்கி பாதி கரைந்திருந்தது. மெட்டில்டா உடைந்த முறத்தால் சேற்றை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பியூலா சுவரைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"வா தம்பி" என்றாள் மெட்டில்டா. "பவுடர் தர்றீங்களாமே?"

"அது மத்தியானம் வரும்கா. நான் வேற விசயமா வந்தேன்."

"காது டாக்டராண்ட கூப்ட்டுகினு போனா பியூலா. காது நல்லாத்தான் கீதாம். அப்போ மண்டையிலதான் கோளாறுன்னு அவ சொல்றா. இருக்கும். நான் இல்லாதது கேட்டிருக்கேன், அவரு போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள்.

பூவராகன் சேற்றில் இறங்கி அவள் எதிரில் நின்றார். பதினெட்டு வருஷம் ஊருக்கே கேட்கும்படி பேசியவருக்கு, இரண்டடி தூரத்தில் நிற்பவளிடம் பேச நாக்கு எழவில்லை.

"உனக்கு மண்டையில ஒண்ணும் இல்லக்கா. நீ கேட்டது நெசம். இருங்கன்னுதான் வந்துச்சு. என் தப்பு. பழச அழிக்காம அதும்மேலயே பேசிட்டேன். மூணு தடவைக்கு அப்புறம் பழசு ஓடியிருக்குது. உங்க வூட்டாண்ட வண்டி நின்னப்ப ஓடியிருக்குது. எனக்கே முந்தாநேத்து வரிக்கும் தெரியாது. நேத்துதான் கேட்டேன்."

முறம் நின்றது. மெட்டில்டா அவரை வெறித்துப் பார்த்தாள். கோபமா, அழுகையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவள் முகத்தில் ஏறி இறங்கியது. ஜெரோம் ஆட்டோவைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"இருங்கன்னுதானே?" என்றாள் மிக மெல்ல.

"ஆமாக்கா."

"நான் ஜமக்காளத்தகூட எடுத்து விரிச்சேன் தம்பி. ஞானாம்பா கூப்ட்டதும் விரிச்சேன். அவர இழுக்கலாம்னு தோள்ல கைய வெச்சேன். அப்பதான் உன் குரல் கேட்டுச்சு. சரி, அவரே சொல்லிட்டாருன்னு மறுபடி மடிச்சி வெச்சேன்."

பூவராகன் கையைக் கூப்பினார். அவளுக்கு அது கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

"எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடாத" என்றாள் திடீரென்று. "எனக்கு இப்பத் தெரிஞ்சிடுச்சு. அவளுக்கு? இந்தத் தெருவுக்கு? நாளைக்கு நான் கடைக்குப் போனா, புருசன மூழ்கவிட்ட கிழவின்னு ஒரு பச்சப்புள்ளகூட சொல்லும். எல்லாரும் கேக்குற மாரி சொல்லு. நீ எப்பவும் சொல்லுவியே, அந்த மைக்குலயே சொல்லு."

அவர் மைக்கை எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கேசட்டை எடுத்து ஜெரோமிடம் கொடுத்தார். "முதல்லேர்ந்து போடு. ரிவைண்ட் பண்ணாத."

குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. உடைந்த குரல் தெருவெல்லாம் போயிற்று. சேறு வாரிக்கொண்டிருந்தவர்கள் பதறிப்போய் நிமிர்ந்தார்கள். "இன்னாது, மறுபடியும் தண்ணி வருதா?" என்று ஒருத்தி குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இல்லம்மா, இது அன்னிக்கு ஓடினது. நில்லுங்க, முழுசா கேளுங்க" என்று ஜெரோம் கூவினான். ஒரு தடவை. இரண்டு தடவை. ஞானாம்பாள் கைச்சேற்றை வழித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். மூன்றாவது தடவை முடிந்தது.

டக்.

"...பலமாகவும் பாதுகாப்பாகவும் உள்ளது. வதந்திகளை நம்பி யாரும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டாம். அவரவர் வீடுகளிலேயே இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

பூவராகன் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், கரைந்துபோன மாதா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நல்ல குரல்! எவ்வளவு நம்பிக்கையாக இருந்தது! ஸ்பீக்கர் மறுபடியும் முதலிலிருந்து அதையே சொல்லத் தொடங்கியது.

"டேய், ஒரு ஆளயே சாவடிச்சிட்டு டேப்பு போட்டுக் காட்டுறியா!" என்று தெருமுனையிலிருந்து ஒருவன் கத்தினான். ஒரு சேற்றுருண்டை வந்து பூவராகனின் தோளில் பட்டுத் தெறித்தது. அவர் துடைக்கவில்லை. இன்னொருவன் கையில் வாரிக்கொண்டு வந்தான்.

"ஏய், எறியாத! எறியாத, சொல்லிட்டேன்!" என்று இடையில் வந்து நின்றது ஞானாம்பாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "கூட நின்னு நாலு பேரு தூக்கியிருந்தா அவரு வந்திருப்பாரு. நான் கதவத் தட்டிட்டு ஓடினேன். நீ தட்டகூட இல்ல. கீழ போடுடா."

உள்ளே சுவர் தேய்க்கும் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது. நிலைப்படியில் பியூலா பிரஷ்ஷோடு நின்றிருந்தாள். அவள் பூவராகனைப் பார்க்கவில்லை. தன் அம்மாவையே பார்த்தாள். படியிறங்கி வந்தாள். "அம்மா" என்றாள். தாயின் கையிலிருந்த முறத்தை மெதுவாக வாங்கி, அவள் நின்ற இடத்திலேயே குனிந்து, அவள் பாதத்தைச் சுற்றியிருந்த சேற்றை வாரத் தொடங்கினாள். வாரிக்கொண்டே குலுங்கினாள்.

மெட்டில்டா கொஞ்ச நேரம் மகளின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜெரோமைப் பார்த்து, "போதும்பா, நிறுத்து" என்றாள்.

ஜெரோம் டேப்பை நிறுத்தினான். பூவராகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது, விடாமல் வந்தது. மெட்டில்டா உள்ளே போனாள். மூன்று செங்கல்லை வைத்து மூட்டியிருந்த அடுப்பிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரில் வெந்நீரை மொண்டு, கல்லுப்பை விரலால் கலக்கிக்கொண்டே வந்தாள்.

"தொண்ட இன்னும் சரியாவலையா?"

அவர் தலையாட்டினார்.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி. வரவரைக்கும் ஜெபம் பண்ணுவேன், வருதா பாக்கலாம்" என்றாள். "இந்தா. கொப்பளி."

தம்ளர் விளிம்பில் சேறு ஒட்டியிருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆபீஸில் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் அந்தத் தாள் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. பத்து மணி ஆகியிருக்கும். அவர் அவசரப்படவில்லை. சாக்கடை ஓரமாகப் போய் உட்கார்ந்து, பியூலா வாரிக் கொட்டும் சேற்றுக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு மடக்காகக் கொப்பளித்துத் துப்பினார்.